சுட்டிக்காட்ட நின்றவன்

கொச்சி,
15.11.1961

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் சந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என்னோடு பள்ளியில் சேர்ந்த தனுஷ்கோடியும் சுகம். அங்கே நீங்களும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய மிளகாய்ப் பொடி டப்பா வந்து சேர்ந்தது. சமையல்காரர் கோயா அதைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார், பிறகு தும்மித் தீர்த்தார். இது சோற்றுக்கா, திருடன் கண்ணில் போடவா என்று மலையாளத்தில் கேட்டார். இப்போது அவரே எங்களுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

படகைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபித்திருந்தீர்கள். எழுதுகிறேன். 'சீ லார்க்' என்று பெயர். இன்றைக்குத்தான் இது மாணவர்களுக்குப் பாய்மரம் கற்றுக்கொடுக்கும் படகு, பிறவியில் பந்தயப் படகு. சீமையில் ஒரு பணக்காரர், பெருங்கடலைக் குறுக்கே கடக்கும் பந்தயத்துக்கென்று கட்டினாராம். ஜெயித்த பந்தயங்களின் பெயரையெல்லாம் பித்தளைத் தகட்டில் வெட்டி உள்ளறைச் சுவரில் அடித்திருக்கிறார்கள். அதைப் புளி போட்டுத் தேய்ப்பது எங்கள் வேலை. பல கை மாறி, கடைசியில் ஒரு தேயிலைத் தோட்டத் துரை ஊருக்குத் திரும்பும்போது எங்கள் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பாய் பழசு, கயிறு பழசு. ஆனால் காற்று பிடித்துவிட்டால் படகுக்குத் தன் வயசு மறந்துபோகும்.

படகு நிமிர்ந்து ஓடாது அம்மா, சாய்ந்துதான் ஓடும். தரையில் ஒரு காலும் சுவரில் ஒரு காலுமாக நடக்கிறோம். நீங்கள் பார்க்க வேண்டியது அடுப்பைத்தான். இரண்டு பக்கமும் கொக்கியில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. படகு எப்படிச் சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் நேராக நிற்கும், குழம்பு சிந்தாது. தட்டில் ஊற்றிய பிறகு சிந்தும், அது வேறு விஷயம். படுக்கை ஓர் ஆள் அகலம். உருண்டு விழாமலிருக்கப் பக்கத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு தொட்டில் பிள்ளை மாதிரி தூங்குகிறோம். நல்ல தண்ணீர் குடிப்பதற்கு மட்டும். குளியல் கடல் தண்ணீரில், சோப்பு நுரைக்காது. என் தலைமுடியைப் பார்த்தால் பாத்திரம் தேய்க்க எடுத்துக்கொள்வீர்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பார். காற்று பலத்தால் படகு அளவுக்கு மீறிச் சாயும். அப்போது மேலே தூக்கி நிற்கும் விளிம்பில் ஆட்கள் போய் வரிசையாக உட்கார வேண்டும். எடைக்காக. உடம்பு பெருத்தவன் என்று என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். விருதுநகர் மூட்டையை அந்தப் பக்கம் தள்ளு என்று கேப்டன் கத்துவார். மண்டியில் மிளகாய் மூட்டையோடு கிடக்க மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். இங்கே நானே மூட்டையாகிவிட்டேன்.

ஒரே ஒரு குறை. பந்தயப் படகு என்பதால் எடையைக் குறைக்க என்னென்னவோ செய்திருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றிய தடுப்புக் கம்பி முழங்காலுக்குத்தான் வருகிறது. முதல் நாள் இரண்டு கையாலும் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது பழகிவிட்டது. நீங்கள் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தீபாவளி கடலில்தான் கழிந்தது. படகில் சும்மா நெருப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக் கேப்டனுக்கு மனம் இளகிவிட்டது. ஆபத்தில் உதவிக்கு ஆள் அழைக்க, கையில் பிடித்துக் கொளுத்தும் சிவப்பு மத்தாப்பு ஒன்று படகில் உண்டு. காலம் முடிந்துபோன சிலவற்றை எடுத்துக் கொடுத்து, பழகினதாகவும் ஆகும், பண்டிகையாகவும் ஆகும் என்றார். சிவகாசிக்காரன் என்று முதலில் தனுஷ்கோடி கையில் கொடுத்தார்கள். அவன் கொளுத்தின வேகத்தில் முகத்தை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்பி, கண்ணையும் மூடிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். வெடிக்கார ஊரில் பிறந்து மத்தாப்புக்குப் பயப்படுகிறான் பாருங்கள் என்றேன். அவன், "ஏலே, பயம் இல்லலே, அதுவா திரும்பிருது" என்றான். பாவம்.

அப்பா இன்னும் என்னிடம் கோபமாக இருக்கிறாரா? உங்களால்தான் நான் இங்கே வந்தேன் என்று உங்களைக் குத்திக்காட்டுகிறாரா? பங்குனிப் பொங்கலுக்கு எப்படியும் வந்துவிடுவேன், நேரில் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகன்,
ஜெயச்சந்திரன்


மங்களூர்,
20.1.1962

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இது அவசரக் கடிதம். தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு நாளைக்குக் கிளம்புகிறோம், கோவா வரை போய்த் திரும்ப வேண்டும். பொங்கலுக்குக் கோயா வெல்லம் போட்டு ஏதோ கிண்டினார். பொங்கல் என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டோம்.

கடலில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். முழங்கால் கம்பியைப் பற்றி எழுதியது என் தப்பு. அதற்கென்றே அடிக்கடி பயிற்சி உண்டு. கேப்டன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பழைய டின்னைக் கடலில் வீசி, ஆள் விழுந்தான் என்று கத்துவார். பாய்ப் படகு, மாட்டு வண்டி போல நின்ற இடத்தில் நிற்காது. வெகுதூரம் ஓடி, வளைந்து திரும்பித்தான் வர வேண்டும். அதற்குள் விழுந்தவனின் தலை ஒரு தேங்காய் அளவுக்குக்கூடத் தெரியாது. அதனால் எல்லோரும் கயிற்றுக்கும் பாய்க்கும் ஓடும்போது ஒருவன் மட்டும் எதையும் தொடக் கூடாது. கையை நீட்டி அந்தத் தலையைச் சுட்டிக்காட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அவன் கை காட்டும் திசையில்தான் படகைத் திருப்புவார்கள்.

அந்த வேலைக்கு எப்போதும் தனுஷ்கோடிதான். எங்கள் எல்லோரையும்விட அவனுக்குப் பார்வை கூர்மை. கலங்கரை விளக்கத்தை அவன் கண்டு சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு தடவைகூட டின்னைத் தவறவிட்டதில்லை. ஆகையால் பயப்படாதீர்கள். நான் விழுந்தாலும் இவன் பார்த்துக்கொள்வான்.

மிளகாய்ப் பொடி தீர்ந்துவிட்டது. கொச்சி விலாசத்துக்கே அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்,
ஜெயச்சந்திரன்


விருதுநகர்,
4.11.1962

அன்புள்ள தனுஷ்கோடிக்கு,

அத்தை தங்கத்தாய் எழுதுவது. சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. உன் கடிதங்களெல்லாம் வந்தன. முதல் கடிதத்தைப் படித்தேன். மற்றவற்றைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவைத்தேன். பதில் வராததற்குத் தபால்காரன் மேல் பழி போட மாட்டேன். உன் மேல் எனக்குக் கோபம். இத்தனை மாதமாக நான் சோறு தின்றதும் தூங்கி எழுந்ததும் அந்தக் கோபத்தோடுதான். அதை மறைத்து இனிப்பாக எழுத எனக்குத் தெரியாது.

பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் கடல் கொந்தளிப்பில் மகன் தவறிவிட்டான் என்று ஒரே வரிதான் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதியவன் நீதான். மாசி மாதம், கோவாவிலிருந்து திரும்பும் வழியில், பொழுது சாயும் நேரத்தில், பெரிய பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து சந்திரனைத் தள்ளியது. முழங்கால் கம்பி அவனைத் தாங்கவில்லை. வீசின மிதவை வளையம் காற்றில் எங்கோ போய் விழுந்தது. எல்லோரும் படகைத் திருப்ப ஓடினார்கள். நீ கையை நீட்டிக்கொண்டு நின்றாய், அவன் தலை உனக்குத் தெரிந்தது. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகைக் கண்டு, அதை உதவிக்கு அழைக்கக் கேப்டன் சிவப்பு மத்தாப்பைக் கொளுத்தச் சொன்னார். உன் பக்கத்தில் நின்றவன் கொளுத்தினான். சுர்ரென்ற சத்தம் கேட்டதும் உன் முகம் திரும்பிவிட்டது. மறுபடி பார்த்தபோது அலைதான் இருந்தது.

நான்தான் கண்ணை எடுத்தேன் அத்தை என்று எழுதியிருந்தாய். அதோடு உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நான் விழுந்தாலும் இவன் பார்த்துக்கொள்வான் என்று என் பிள்ளை எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உன்னுடையதை எப்படிப் படிப்பேன், சொல்.

உடம்பு கிடைக்காத காரியத்தை எப்படிச் செய்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் அவன் வேட்டி சட்டையை வைத்துச் செய்தார்கள். அந்தச் சட்டை அவனுக்குச் சின்னதாகிப்போன சட்டை. நல்லதையெல்லாம் கொச்சிக்குக் கொண்டுபோய்விட்டானே. உன் மாமா வழக்கம் போல மண்டிக்குப் போகிறார், வருகிறார். என் மகன் அங்கேயும் மூட்டைதான் என்று தரகர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்த மனுஷர், இப்போது மூட்டை என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. உருப்படி என்கிறார். கடைப் பையன்களும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

வைகாசியில் உன் அப்பா வந்திருந்தார். பத்திரகாளி அண்ணனை நான் பாவாடை கட்டின காலத்திலிருந்து அறிவேன். எங்கள் அப்பாவின் வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கினவர். அந்த ஒரு கண் போனதும் அங்கேதான், திரி ஒழுங்காகப் பிடித்ததா என்று கொஞ்சம் கூடுதலாகப் பார்த்ததில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "நான் பாத்த பார்வைக்கு ஒரு கண்ணு போச்சு தாயி. பயலுக்காவது ரெண்டு கண்ணும் இருக்கட்டும்னு, திரி பத்துனா மூஞ்சியத் திருப்ப அடிச்சு அடிச்சுப் பளக்குனேன். திரும்புனது அவன் மூஞ்சி இல்ல, என் கையி" என்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். வாசல் வரைக்கும்கூட நான் போகவில்லை.

உங்கள் கேப்டனும் ஒரு கடிதம் போட்டிருந்தார். பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த இருட்டும் நேரத்தில் அவ்வளவு வெளிச்சத்தைக் கிட்டத்தில் பார்த்தால் யாருக்கும் கொஞ்ச நேரம் கண் தெரியாதாம். மறுநாள் பொழுது சாயும்வரை தேடினீர்களாம். கோயா வந்து உன் கையைப் பிடித்துக் கீழே இறக்கும்வரை நீ நீட்டின கையை நீட்டினபடியே நின்றாயாம். இதை நீ எழுதவில்லை. தடுப்புக் கம்பியை இப்போது இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தார். நல்லது. பந்தயம் ஓடாத படகுக்கு முழங்கால் கம்பி எதற்கு என்று அதற்கு முன்னால் ஒருவருக்கும் தோன்றவில்லையே. அவர் உனக்காகப் பரிந்து பேசுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது தீபாவளியன்று நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருஷம் நம் வீட்டில் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வருஷா வருஷம் சிவகாசியிலிருந்து என் தம்பி அனுப்பும் வெடிப் பெட்டியும் வரவில்லை, அனுப்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். பரணில் பழைய பாத்திரம் எடுக்கப்போனபோது, போன தீபாவளிக்குச் சந்திரன் வருவான் என்று எடுத்துவைத்த கலர் மத்தாப்புப் பெட்டி ஒன்று கையில் பட்டது. குச்சியெல்லாம் நமுத்துப்போகாமல் அப்படியே இருந்தது.

பெட்டியைப் பார்த்ததும் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு நொடி. முகத்தைத் திருப்பாமல் ஒரு நொடி இருக்க முடியாதா ஒருத்தனுக்கு என்று. சாயங்காலம் ஊரே வாசலில் வெடித்துக்கொண்டிருந்தது. நான் புழக்கடைக்குப் போனேன். வாளியில் தண்ணீர் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், அந்தப் பழக்கமும் என்னை விட்டுப் போகவில்லை. துவைக்கிற கல்லுக்கு அப்பால், கிணற்றுச் சுவர் மேல் ஒரு செம்பு இருந்தது. அதைச் சந்திரன் தலை என்று நினைத்துக்கொண்டேன். அதையே பார்த்தபடி இடது கையை நீட்டிச் சுட்டினேன். குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டு பெட்டியை இடுக்கி ஏதேதோ செய்து, வலது கையால் உரசினேன்.

முகம் திரும்பிவிட்டது.

பொறுக்க முடியவில்லை எனக்கு. இன்னொன்று உரசினேன். கழுத்தை இறுக்கிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டேன், சந்திரா சந்திரா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். சுர்ரென்றதும் திரும்பிவிட்டது. பெட்டி காலியாகும்வரை உரசினேன் தனுஷ்கோடி. ஒரு குச்சிக்குக்கூட என்னால் அந்தச் செம்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மருந்து வாடை அடித்த வீட்டில் வளர்ந்தவள் நான். திரியைப் பார்த்த பிள்ளைக்கு எங்கள் வீட்டிலும் அடிதான். கல்யாணமாகி இந்த மிளகாய் ஊருக்கு வந்து இத்தனை காலம் ஆகியும், பெற்ற பிள்ளையின் தலை என்று நினைத்துப் பார்த்தும், எனக்கே திரும்பிவிட்டது. உன்னை நான் என்ன கேட்பேன்?

கரிந்த குச்சிகளை வாளியில் போட்டுவிட்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் மாமா வந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம்.

நேற்று உன் மற்றக் கடிதங்களைப் பிரித்தேன். மழைக் காலத்தில் படகைக் கரையேற்றி வைத்திருந்தபோது அடிப்பலகை சுரண்டும் வேலை செய்ததாக எழுதியிருக்கிறாய். படகு மறுபடி கடலுக்குப் போயிற்று, நீ ஏற மாட்டேன் என்று கரையிலேயே காவல் இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் ஒரே கேள்வி. அத்தை, நான் ஊருக்கு வரலாமா? நான் பதில் போடாததால் நீ வரவில்லை. இங்கே சீனச் சண்டைப் பேச்சாக இருக்கிறது. உன்னையும் எங்கேயாவது அனுப்பிவிடுவார்களோ என்று உன் அம்மா கோயில் கோயிலாக நடக்கிறாளாம். பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அவளையும் நான் என்னைப் போல ஆக்கிவைத்திருக்கிறேன்.

வா. கேட்டதற்குப் பதில் இதுதான். கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. செங்கோட்டை வழியாக வரும் ரயில் விருதுநகருக்கு முன்னால் சிவகாசியில் நிற்கும். உன் அப்பா அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிடுகிறேன், ஜன்னல் வழியாக முகத்தைக் காட்டு. அங்கே இறங்கிவிடாதே. இறங்கினால் இங்கே வர உனக்குக் கால் வராது. விருதுநகருக்கே டிக்கெட் எடு. உன் மாமா ஸ்டேஷனில் நிற்பார். சந்திரனின் துணிப்பெட்டியைக் கொண்டு வா, அந்த நல்ல சட்டைகளையும். மிளகாய்ப் பொடி டப்பா கிடந்தால் அதைக் கோயாவுக்கே கொடுத்துவிடு.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். கடைசியாக என் பிள்ளையைப் பார்த்தவன் நீ. எனக்கு அவனைப் பற்றித் தெரியாதது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும். கையை ஆட்டினானா? கூப்பிட்டானா? நீ சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்ததா? தெரிந்திருந்தால் தைரியமாகத்தான் இருந்திருப்பான். இதை யாரும் எழுத வேண்டாம், நீயும் எழுதாதே. வந்து, என் எதிரே உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுச் சொல்.

உன் இரண்டு கண்ணும் அப்பன் ஆசைப்பட்டபடி நெடுநாள் விளங்க வேண்டும். நீட்டின கைக்கு வலி தெரியாமல் பத்திரகாளியம்மன் பார்த்துக்கொள்வாள். சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்ளாதே மகனே, என்னைப் பார்த்துச் சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் நானும் உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அத்தை,
தங்கத்தாய்